காற்று ஒரு ராத்திரி, இருட்டு ஒரு வாரம்

2021 நவம்பர் 26ஆம் தேதி மாலை பிரிட்டனின் வடகிழக்குக் கரையை ‘ஆர்வென்’ என்று பெயரிடப்பட்ட புயல் தாக்கியது. நார்தம்பர்லாந்தில் பிரிஸ்லி வுட் என்ற இடத்துக் கருவியில் மணிக்கு 98 மைல், அதாவது சுமார் 158 கி.மீ. வேகம் பதிவானது. மறுநாளே காற்று அடங்கிவிட்டது. ஆனால் மின்சாரம் போன பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் ஏறக்குறைய 4,000 வீடுகளுக்கு ஒரு வாரம் கடந்தும் கரண்ட் வரவில்லை. நவம்பர் மாதக் கடைசி, நடுக்கும் குளிர்.

ஒரு ராத்திரி அடித்த காற்றுக்கு ஒரு வாரம் இருட்டு எதற்கு? கம்பி அறுந்தால் கட்ட வேண்டியதுதானே என்று தோன்றும். புயல் வரும்போதெல்லாம் நாம் முதலில் கேட்பது வேகத்தைத்தான்: எத்தனை கிலோமீட்டர்? அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எத்தனை வீடு இருளும், எத்தனை நாள் இருளும் என்று கணக்குப் போட முடியாது. காற்று எந்த மாதத்தில் வந்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது, அதற்கு முந்தைய வாரம் மழை பெய்ததா, கம்பிக்குப் பக்கத்தில் என்ன மரம் நின்றது, அந்தக் கம்பியின் கடைசியில் எத்தனை வீடுகள் இருக்கின்றன, இவையெல்லாம் சேர்ந்துதான் இருட்டின் நீளத்தை முடிவுசெய்கின்றன.

இலையுதிர்காலத்தில் ஏன்?

வெப்பமண்டலப் புயல் வெதுவெதுப்பான கடலிலிருந்து ஆவியை உறிஞ்சி வளர்வது. இங்கே பேசும் புயல் வேறு சாதி. மேற்கு ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையையும் வட அமெரிக்காவின் பசிபிக் கரையையும் செப்டம்பர் முடிவிலிருந்து அடிக்கத் தொடங்கும் இந்தப் புயல்களுக்குத் தீனி, குளிருக்கும் வெப்பத்துக்கும் இடையிலான வித்தியாசம். கோடை முடிந்ததும் துருவப் பக்கம் வேகமாகக் குளிர்ந்துவிடுகிறது. கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை. கோடையின் சூட்டை மாதக்கணக்கில் வைத்திருக்கும். வடக்கே குளிர், தெற்கே சூடு என்ற இந்த இழுபறி கூடக்கூட, மேலே 9, 10 கி.மீ. உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம் வலுக்கிறது. அதன் வளைவுகளுக்குக் கீழே தாழ்வழுத்தங்கள் பிறந்து கரையை நோக்கி ஓடிவருகின்றன.

சில தாழ்வழுத்தங்கள் அசுர வேகத்தில் ஆழமாகும். 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் அளவுக்கு அழுத்தம் சரிந்தால் (இது 60 பாகை அட்சரேகைக்கான கணக்கு, தெற்கே வரவரச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும்) அதற்கு வானிலையாளர்கள் வைத்த பெயர் ‘பாம்’, அதாவது வெடிகுண்டு. செய்தித்தாள்காரர்கள் பரபரப்புக்காகச் சூட்டிய பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஃபிரெட் சாண்டர்ஸ், ஜான் கியாகும் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் ஓர் ஆய்விதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது.

இதற்கு மேல் இன்னொரு தீனியும் சில வருடங்களில் சேர்ந்துகொள்கிறது. இலையுதிர்காலம் வெப்பமண்டலப் புயல்களின் பருவமும்கூட. உயிர்விட்ட புயலின் ஈரமும் சூடும் வடக்கே போய் ஜெட் காற்றோட்டத்தில் மாட்டினால், செத்தது புது உடம்போடு எழுந்துவரும். 1962 அக்டோபர் 12ஆம் தேதி அமெரிக்காவின் மேற்குக் கரையைப் புரட்டிப் போட்ட கொலம்பஸ் நாள் புயல் அப்படி வந்ததுதான். பசிபிக்கின் மறுபுறத்தில் ‘ஃப்ரெடா’ சூறாவளியாக இருந்ததன் எச்சம், கடலைக் கடந்துவந்து வடக்கு கலிபோர்னியாவிலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை ஒரே வீச்சில் சுருட்டியது. 46 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. போர்ட்லாண்டின் மோரிசன் பாலத்தில் மணிக்கு 116 மைல் பதிவானது. ஒரேகான், வாஷிங்டன் மாநிலங்களில் ஓர் ஆண்டில் வெட்டும் மரத்தைவிட அதிக மரம் அந்த ஒரு நாளில் சாய்ந்தது. மின்சாரம் திரும்ப, சில இடங்களில் இரண்டு மூன்று வாரம் ஆயிற்று.

கரையோரத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சிறப்புக் கவனிப்பு என்றால், கடலின் மேல் காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. வீடு, தோப்பு, மேடு என்று தரையில் உரசி உரசித்தான் காற்று வேகம் இழக்கிறது. முதல் சில கிலோமீட்டர்களில் இருப்பவர்கள் அந்த உரசலாக நின்றுகொடுக்கிறார்கள்.

மரத்தின் கணக்கு

காற்று நேரடியாக மின்கம்பியை அறுப்பது அபூர்வம். கம்பி மெல்லியது, காற்றுக்குக் காட்டும் பரப்பு கொஞ்சம். பரப்பு மரத்திடம் இருக்கிறது.

வேகம் இரு மடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 50 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 12 கிலோ எடை அழுத்துவதுபோல் அழுத்தும், 100 கி.மீ. என்றால் 48 கிலோ. 80 கி.மீ.க்கும் 120 கி.மீ.க்கும் நடுவே இருப்பது ஒன்றரை மடங்கு வேகம்தான், ஆனால் விசை இரண்டேகால் மடங்கு. இலை நிறைந்த பெரிய மரத்தின் தலை எத்தனை சதுர மீட்டர் என்று மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனை சுமையும் 20, 30 மீட்டர் உயரத்தில் இருந்து தள்ளுகிறது. மரம் நெம்புகோலாகிவிடுகிறது, அடியில் வேர் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் மாதம் முக்கியமாகிறது. ஜனவரியில் ஓக் மரம் மொட்டையாக நிற்கும். காற்று கிளைகளின் ஊடே போய்விடும். அக்டோபரில் அதே மரம் விரித்த பாய்மரம். 1987 அக்டோபர் 15ஆம் தேதி இரவும் 16ஆம் தேதி விடியலும் தென்கிழக்கு இங்கிலாந்தை அடித்த பெரும்புயலில் சாய்ந்த மரங்கள் ஒன்றரைக் கோடி என்று மதிப்பிட்டார்கள். ‘ஏழு ஓக் மரங்கள்’ என்பதையே பெயராகக் கொண்ட செவன்ஓக்ஸ் ஊரில் ஏழில் ஆறு விழுந்தன. அன்று மரங்களில் பெரும்பாலானவை இலை உதிர்க்கவில்லை. தரை மழையில் ஊறிப்போயிருந்தது. அதே வேகக் காற்று மூன்று மாதம் கழித்து வந்திருந்தால் எண்ணிக்கை நிச்சயம் குறைந்திருக்கும்.

அந்தப் புயலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்று சில இடங்களில் மட்டும் ஏன் அவ்வளவு மூர்க்கமாக இருந்தது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள், புயலைச் சுற்றி வளைந்த மேகத்திரளின் வால்நுனியிலிருந்து ஓர் ஓடை போலக் குளிர்ந்த காற்று தரைக்குப் பாய்ந்ததைக் கண்டார்கள். விழும் மழையும் பனித்துகளும் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கின்றன. குளிர்ந்த காற்று கனத்து வேகமெடுத்து இறங்குகிறது. வரைபடத்தில் மேகம் வளைந்த தேள் வால் மாதிரி இருப்பதால், அந்த ஓடைக்குக் கொடுக்கு என்ற பொருளில் ‘ஸ்டிங் ஜெட்’ என்று 2004இல் கீத் பிரவுனிங் பெயர் வைத்தார். அகலம் சில பத்துக் கிலோமீட்டர், ஆயுள் சில மணி நேரம். ஒரு மாவட்டம் தரைமட்டமாகப் பக்கத்து மாவட்டம் தப்பிப்பது இப்படித்தான்.

மண்ணுக்கு வருவோம். மரத்தின் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரந்து கிடக்கிறது, ஆழத்தில் இல்லை. நீர் ஊறிய மண் பிடி தளரும். சியாட்டில் விமான நிலைய வானிலை நிலையத்தில் 2006 நவம்பரில் பெய்த மழை 15.63 அங்குலம், ஏறக்குறைய 397 மில்லிமீட்டர்; அங்கே அதுவரை எந்த மாதத்திலும் அவ்வளவு பதிவானதில்லை. மண் கூழாகியிருந்த நேரத்தில், டிசம்பர் 14, 15 தேதிகளில் பெருங்காற்று வந்தது. வாஷிங்டன், ஒரேகான், பிரிட்டிஷ் கொலம்பியா மூன்றிலும் சேர்த்து 18 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கும் மேல். அங்கே நிற்பவை ஊசியிலை மரங்கள். இலை உதிர்ப்பதே இல்லை, எப்போதும் பாய் விரித்தே இருக்கும். வேரோடு பெயர்ந்து வந்த மரங்களின் அடியில் ஒரு அறை அளவுக்கு மண்தட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

வேர் தூக்கப்படுவது எப்போதும் கெடுதலாக முடிவதில்லை என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. லண்டன் கியூ தோட்டத்தில் டர்னர் ஓக் என்று ஒரு பழைய மரம். பல வருடமாக நலிந்துகொண்டிருந்தது. 1987 புயல் அதை வேர்த்தட்டோடு தூக்கி, அப்படியே திரும்ப உட்கார வைத்தது. ஆட்கள் முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் மரம் செழிக்கத் தொடங்கியது; கூட்டம் மிதித்து இறுகிக் கிடந்த மண் காற்றின் புண்ணியத்தில் இளகியதுதான் காரணம். இறுகிய மண்ணை இளக்கி மரங்களைக் காக்கும் வழக்கம் அங்கிருந்து பரவியது.

திசைதான் எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பானது. மரம் தான் வளரும் இடத்தின் காற்றைக் கற்றுக்கொள்கிறது. வழக்கமாக எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுகிறதோ, அதற்கு ஏற்றபடி வேரையும் தண்டையும் தடித்துக்கொள்ளும். பிரிட்டனில் வாடிக்கையாகக் காற்று வருவது தென்மேற்கிலிருந்து. ஆர்வென் வந்தது வடக்கும் வடகிழக்கும் கலந்த திசையிலிருந்து. நூறு வருடம் ஒரு பக்கமே முகம் காட்டி நின்ற மரத்தை முதுகில் அடித்தது போல. 2024 நவம்பர் 19ஆம் தேதி சியாட்டில் பகுதியிலும் இதே கதை. மைய அழுத்தம் 943 மில்லிபாரை ஒட்டி இறங்கிய அந்தத் தாழ்வழுத்தம் கரையேறவே இல்லை. வான்கூவர் தீவுக்கு மேற்கே கடலிலேயே நின்றது. ஆனால் அது தன்னை நோக்கி இழுத்த காற்று, கிழக்கேயிருந்து காஸ்கேட் மலைக் கணவாய்கள் வழியே பிதுங்கி ஓடிவந்தது. தெற்குக் காற்றுக்குப் பழகிய மரங்கள் கிழக்குக் காற்றில் விழுந்தன. வாஷிங்டன் மாநிலத்தில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. மரம் விழுந்து இருவர் இறந்தார்கள்.

பருவத்தின் முதல் புயல்தான் அதிகம் கெடுக்கும் என்று மின்கம்பி வேலைக்காரர்கள் சொல்வதும் இதோடு சேர்ந்தது. உளுத்த கிளை, இற்றுப்போன தண்டு, நோய் பிடித்த வேர் எல்லாம் கோடை முழுக்கக் காத்திருந்து முதல் காற்றில் விழும். இரண்டாவது காற்றுக்கு விழுவதற்கு மிச்சம் குறைவு.

மரத்தை வெட்டிவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். கம்பிக்கு இருபுறமும் ஓர் இடைவெளி வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் 30 மீட்டர் மரம் 10 மீட்டர் தள்ளி நின்றாலும் விழும்போது கம்பியில்தான் விழும். அந்த மரம் இன்னொருவர் நிலத்தில் நிற்கும், அதை வெட்ட அவர் சம்மதிக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அடர்ந்த காட்டின் உள்ளே வளரும் மரம் மற்ற மரங்களின் மறைவில் ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்கிறது. காற்றைப் பார்த்ததே இல்லை. கம்பிக்காக நடுவில் பாதை வெட்டியதும் அந்த மரங்கள் திடீரென்று ஓரத்துக்கு வந்துவிடுகின்றன. பாதுகாப்புக்காக வெட்டிய பாதையே பலவீனமான புது ஓரத்தை உண்டாக்குகிறது. அந்த ஓர மரங்கள் வேர் பலப்படுத்த ஆண்டுகள் பிடிக்கும்.

கண் சிமிட்டும் விளக்கு

காற்று வலுக்கும்போது வீட்டு விளக்கு ஒருமுறை அணைந்து எரியும். சில நொடிகளில் இன்னொரு முறை. மூன்றாவது முறை அணைந்தால் வராது. பழுதடைந்த வயரின் வேலை என்று தோன்றும், ஆனால் அது காவலாளியின் வேலை. கம்பியில் கிளை உரசினாலோ இரண்டு கம்பி ஒன்றோடொன்று மோதினாலோ மின்னோட்டம் எகிறும். ரீகுளோசர் என்ற தானியங்கி சுவிட்ச் உடனே அறுத்துவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி இணைத்துப் பார்க்கும். திறந்தவெளிக் கம்பிகளில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை தற்காலிகமானவை. கிளை விழுந்து உருண்டு போயிருக்கும். அதனால்தான் இந்தச் சோதனை. மூன்று நான்கு தடவை பார்த்தும் பழுது அங்கேயே இருந்தால் பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் ஆள் வந்து பார்த்துத்தான் திறக்க வேண்டும்.

இரவில் தூரத்து வானம் நீலமும் பச்சையுமாகப் பளிச்சிடுவதைப் பார்த்து டிரான்ஸ்பார்மர் வெடித்தது என்று பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் வெடிப்பது எதுவும் இல்லை. கம்பிகள் மோதும்போதோ தரையைத் தொடும்போதோ காற்றினூடே பாயும் மின்பொறி அது.

கடலோரத்துக்கே உரிய எதிரி உப்பு. அலை உடைந்து தெறிக்கும் துளிகளைப் புயல் பல கிலோமீட்டர் உள்ளே சுமந்துபோய்க் கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர்களில் பூசுகிறது. கூடவே கொட்டுமழை பெய்தால் கழுவிவிடும். மழை குறைந்த காற்றாக இருந்தால் உப்பு அப்படியே காய்ந்து தங்கும். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. பிறகு ஒருநாள் தூறலோ மூடுபனியோ வந்து நனைத்ததும் கடத்தத் தொடங்கும். ஜப்பானில் 2018 செப்டம்பர் 30ஆம் தேதி இரவு கிழக்குப் பகுதியைக் கடந்த ‘டிராமி’ சூறாவளி (வெப்பமண்டல வகைதான், ஆனாலும் உப்பின் கதை ஒன்றே) போய் நாட்கள் ஆன பிறகு, அக்டோபர் 5ஆம் தேதி சிபா மாகாணத்தில் கெய்செய் ரயில் பாதைகள் ஸ்தம்பித்தன. காரணம் உப்பு. வானம் தெளிந்து, மக்கள் புயலையே மறந்திருந்த நாள் அது.

ஏன் இத்தனை நாள்

காற்று நின்ற உடனே வேலை தொடங்காது. ஆளை ஏற்றிச் செல்லும் தூக்கி வண்டியை மணிக்கு 50 கி.மீ. போலக் காற்று வீசும்போது உயர்த்த முடியாது. எனவே புயலின் வால் கடக்கும் வரை காத்திருப்பு. அதன் பிறகும் முதல் வேலை பழுது பார்ப்பதல்ல, பழுது எங்கே என்று பார்ப்பது. ஆட்கள் கம்பி வழியே நடக்கிறார்கள், வண்டியில் போகிறார்கள், மேலே பறந்து பார்க்கிறார்கள். சாலையில் மரம் கிடக்கிறது. மரத்தில் கம்பி சிக்கியிருக்கிறது. சாலைப் பணியாளர் மரத்தைத் தொடக் கூடாது, கம்பியில் மின்சாரம் இல்லை என்று மின்பணியாளர் வந்து உறுதிசெய்து பூமியோடு இணைத்தபின்தான் ரம்பத்தை எடுக்கலாம். மின்பணியாளரோ அதே சாலை அடைத்திருப்பதால் அந்தப் பக்கம் வர முடியாமல் நிற்கிறார். முதல் இரண்டு நாள் இந்தக் கண்ணாமூச்சியிலேயே கணிசமாகக் கழியும்.

மின்சாரம் மரத்தின் நீர் போல அடியிலிருந்து நுனிக்குப் போவது. உயர் அழுத்தக் கோபுரங்கள், துணைமின் நிலையம், அங்கிருந்து பிரியும் ஃபீடர்கள், தெருவுக்குள் நுழையும் கிளைக்கம்பி, டிரான்ஸ்பார்மர், கடைசியில் வீட்டுக்கு வரும் ஒற்றை வயர். மேலே உடைந்திருக்கும்போது கீழே ஒட்டிப் பயனில்லை. ஆகவே மேலிருந்து கீழே. மருத்துவமனை, குடிநீர் நிலையம் போன்றவை முன்னால். அடுத்து, ஒரு பழுதைச் சரிசெய்தால் அதிக வீடுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும் என்றால் அந்தப் பழுது முன்னால்.

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் இதன் உள்ளர்த்தம் கொஞ்சம் கசப்பானது. மூவாயிரம் வீடுகளுக்குப் போகும் ஃபீடரில் ஒடிந்த கம்பத்தை மாற்ற அரைநாள் ஆகும் என்று வையுங்கள். மலைச்சரிவில் மூன்று வீட்டுக்குப் போகும் கம்பியில் ஒடிந்த கம்பத்தை மாற்றவும் அதே அரைநாள். அதனால் இருண்டவர்களின் எண்ணிக்கை முதல் இரண்டு மூன்று நாளில் மளமளவென்று குறைந்து, அப்புறம் நத்தையாக ஊர்கிறது. பெரும்பான்மைக்கு வந்துவிட்டது என்று அறிவிப்பு வரும் நாளில் வேலையில் பாதிகூட முடிந்திருக்காது. ஆர்வெனில் கடைசிவரை காத்திருந்தவர்கள் பெரும்பாலும் உள்ளடங்கிய கிராமப்புறத்தார், நீண்ட ஒற்றைக் கம்பியின் நுனியில் இருந்தவர்கள். எத்தனை வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரத்தில் மீட்டோம் என்று சராசரி பார்க்கும் எந்த நிறுவனமும் அவர்களைக் கடைசியில்தான் வைக்கும். ஒரு வாரம் இருட்டில் இருந்தவரிடம் சராசரியைக் காட்டுவதில் என்ன பிரயோசனம்?

பக்கத்து வீட்டில் விளக்கு எரிய நம் வீட்டில் எரியாததற்கும் காரணம் இந்தக் கிளைகள்தான். சுவர் ஒன்றானாலும் ஃபீடர் வேறாக இருக்கலாம், அல்லது வீட்டுக்கு வரும் ஒற்றை வயர் அறுந்திருக்கலாம். இன்னொரு சங்கடம், பழுதுக்குள் பழுது. ஃபீடரைச் சரிசெய்து மின்சாரம் விட்டபிறகுதான் கிளைக்கம்பியில் ஃபியூஸ் போயிருப்பது தெரியவரும். பட்டியலில் அந்தத் தெரு ‘சரியாகிவிட்டது’ என்று ஏறியிருக்கும். கரண்ட் வந்ததும் தெருவே சேர்ந்து கொண்டாடுகிறது, நாம் மட்டும் இல்லை என்றால் திரும்பவும் புகார் கொடுப்பது நல்லது. இன்னும் சரிசெய்ய வேண்டியவர்கள் பட்டியலில் நாம் இல்லை.

நாள் குறிப்பதில்தான் நிறுவனங்கள் பெரும்பாலும் பெயரைக் கெடுத்துக்கொள்கின்றன. 2019 செப்டம்பர் 9ஆம் தேதி அதிகாலை டோக்கியோவுக்குக் கிழக்கே கரையேறிய ‘ஃபக்சாய்’ சூறாவளி சிபா நகரில் நொடிக்கு 57.5 மீட்டர் வேகம் காட்டியது; மணிக்கு 207 கி.மீ. கிமிட்சு என்ற இடத்தில் இரண்டு உயர் அழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. சுமார் 9.3 லட்சம் வீடுகள் இருண்டன. கோபுரம் விழுந்ததுதான் படமாக எல்லா இடத்திலும் வந்தது. உண்மையான தாமதம் வேறெங்கோ இருந்தது: மலைப்பகுதித் தோப்புகளில் சீடர் மரங்கள் சரிந்து சிற்றூர்ப் பாதைகளையும் கம்பிகளையும் மூடியிருந்தன, அங்கே போய்ப் பார்த்தவர்களே குறைவு. சீக்கிரம் சரியாகும் என்று முதலில் சொன்ன மின் நிறுவனம் நாளைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தது. சில பகுதிகளுக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் ஆனது. பார்க்காத சேதத்தைக் கணக்கில் எழுத முடியாது. எழுதாத சேதம் பூஜ்யமாகவே தெரியும். அந்தப் பூஜ்யத்தை நம்பி மக்கள் ஓரிரு நாளுக்கு மட்டும் தயாராகிறார்கள். ‘தெரியவில்லை, ஒரு வாரத்துக்குத் தயாராக இருங்கள்’ என்று முதல் நாளே சொல்லும் துணிவு எந்த நிர்வாகிக்கும் எளிதில் வருவதில்லை.

இருட்டில் நடக்கும் சாவு

காற்றில் தப்பியவர் இருட்டில் சாவதுண்டு. 2006 டிசம்பர் புயலுக்குப் பின் சியாட்டில் வட்டாரத்தில் குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியவர்களும், கார் நிறுத்தும் அறையில் ஜெனரேட்டர் ஓட்டியவர்களும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்குப் பலியானார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். மணமும் நிறமும் இல்லாத வாயு. தலைவலி, குமட்டல், தூக்கம், அவ்வளவுதான் அறிகுறி. புலம்பெயர்ந்து வந்த, ஆங்கிலம் அதிகம் அறியாத குடும்பங்கள் பல இதில் சிக்கியதால், சியாட்டில் டைம்ஸ் நாளிதழ் முதல் பக்கத்திலேயே பல மொழிகளில் எச்சரிக்கை அச்சிட்டது. ஜெனரேட்டரைக் கட்டடத்துக்கு வெளியே, கதவு ஜன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பது தப்பு.

ஜெனரேட்டரில் இன்னொரு ஆபத்து, அது நமக்கில்லை, கம்பத்தில் ஏறியவருக்கு. முறையான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் வீட்டு பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகினால், மின்சாரம் வயர் வழியே வெளியே போய்த் தெரு டிரான்ஸ்பார்மரை அடையும். டிரான்ஸ்பார்மருக்கு முன் பின் கிடையாது. 11,000 வோல்ட்டை 230ஆக இறக்கும் கருவி, தலைகீழாக 230ஐ 11,000ஆக ஏற்றும். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைக்கும் லைன்மேன் உயிர் போய்விடும். அறுந்து தரையில் கிடக்கும் கம்பியும் அப்படித்தான். பொறி இல்லை, சத்தம் இல்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று ஆகாது. காய்ந்த தரையோ தார்ச்சாலையோ போதிய மின்னோட்டத்தை இழுக்காததால் பாதுகாப்புச் சுவிட்ச் விழாமலே இருக்கலாம்.

ஒரு வாரம் மின்சாரம் இல்லை என்பது விளக்கு இல்லை என்பதோடு நிற்பதும் இல்லை. நீரேற்றும் மோட்டார் நின்றால் குழாய் வறளும். கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி பெரும்பாலும் சில மணி நேரமே தாங்கும். பழைய செம்புக் கம்பித் தொலைபேசி தனக்கான மின்சாரத்தை இணைப்பகத்திலிருந்தே கொண்டுவந்தது. இணையம் வழியே பேசும் புதிய தொலைபேசி வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் ஊமை. உதவிக்கு அழைக்கும் வழியே அடைபடுவது, மின்சாரம் போன வீட்டுக்காரர் அதைப் புகாராகச் சொல்லவும் முடியாமல் போவது, இந்தத் தலைமுறைப் புயல்களில் புதிதாகச் சேர்ந்த தொல்லை.

மண்ணுக்கடியில் போட்டால்?

கம்பியைப் பூமிக்கடியில் புதைத்துவிடலாமே என்ற கேள்வி ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் எழும். செலவு பல மடங்கு. பாறையும் காடுமாக இருக்கும் இடத்தில் மூன்று வீட்டுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் பள்ளம் தோண்ட வேண்டும். புதைத்த கேபிளில் பழுது வந்தால் கண்ணுக்குத் தெரியாது, தேடி எடுக்க நாளாகும். கரையோரத் தாழ்நிலத்தில் கடல்நீர் புகும் பயம் வேறு. அதனால் எல்லாரும் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள்.

மறக்காத இரண்டு நாடுகள் உண்டு. ஸ்வீடனில் 2005 ஜனவரி 8ஆம் தேதி அடித்த ‘குட்ருன்’ புயலில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் அறுந்தன, சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. பனி உறையாத ஈரத் தரை, அடர்ந்த ஸ்ப்ரூஸ் ஊசியிலைக் காடு, அதன் நடுவே காப்புறை இல்லாத கம்பிகள். அந்த நாடு சட்டத்தை மாற்றியது. நீண்ட மின்தடைக்கு வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். 2011 ஜனவரியிலிருந்து, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட காரணத்தால் 24 மணி நேரத்துக்கு மேல் மின்தடை இருக்கவே கூடாது. இருட்டுக்கு விலை குறித்த பிறகு கணக்கு மாறிவிட்டது. காட்டுக்குள் கேபிள் புதைக்கும் வேலை பல்லாயிரம் கிலோமீட்டருக்கு நடந்தது.

ஃபின்லாந்து 2011 டிசம்பர் புயல்களில் அடிபட்ட பின் 2013இல் இன்னும் நறுக்கென்று ஒரு சட்டம் போட்டது: புயலாலோ பனியாலோ வரும் மின்தடை நகரத் திட்டப் பகுதியில் 6 மணி நேரத்தையும் மற்ற இடங்களில் 36 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது, 2028க்குள் எல்லா நிறுவனங்களும் இதற்குத் தயாராக வேண்டும். நகரங்களில் வேலை ஓடியது. காடும் ஏரியுமாக வீட்டுக்கு வீடு தொலைவுள்ள பகுதிகளில் கேபிள் செலவு மின்கட்டணத்தில் ஏறியதும் மக்கள் முணுமுணுத்தார்கள். பிறகு சட்டத்தைத் திருத்தி, குறைவாகக் கேபிள் பதித்திருந்த கிராமப்புற நிறுவனங்களுக்கு 2036 வரை தவணை கொடுத்தார்கள். அந்த வீடுகளுக்கு இன்னும் பல இலையுதிர்காலங்கள் காட்டு நடுவே போகும் அதே கம்பியில்தான் கரண்ட் வர வேண்டும்.